சாய்ந்தமருதுத் தெருக்களில் ஒரு சுமை சைக்கிள்



சாய்ந்தமருதுக்கு நீங்கள் வராதவர்களாக இருந்தாலும், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி அதைக் கடந்திருப்பீர்கள். காரைதீவு முடிந்ததும் மாளிகைக்காடு வரும். மாளிகைக்காடு எங்கே முடிந்தது, சாய்ந்தமருது எங்கே தொடங்கியது என்று வெளியூராருக்குப் புரியாது. வடக்கே கல்முனைக்குடியோடும் அதே கதைதான். கல்முனை ஸாஹிரா கல்லூரி என்று பெயர்ப்பலகை சொல்லும். கல்லூரி நிற்பதோ சாய்ந்தமருதில். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பிரதான வீதி. அந்த வீதியின் இரு புறமும் மீன் முள்ளைப் போலப் பிரிந்து செல்லும் தெருக்கள். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தோணாவின் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் எங்களுக்கு மலையேற்றம்.

இந்த ஊரில் ஒரு குடும்பப் பெண் ஒரு நாளில் எங்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் பாடசாலையில் விட வேண்டும், பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்குக் கூட்டிப்போக வேண்டும். மரக்கறி, மீன், பாமஸி. சுகமில்லாத மாமியைப் பார்க்க வேண்டும். கல்யாண வீடு, மையித்து வீடு. எல்லாம் இரண்டு மூன்று கிலோ மீற்றருக்குள். ஆனால் இந்தச் சின்னத் தூரத்துக்காகத்தான் நம் பெண்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள். கணவர் மோட்டார் சைக்கிளோடு வரவேண்டும். அல்லது ஓட்டோவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வாரத்தில் குர்ஆனில் எத்தனை ஜுஸ்உ ஓதி முடித்திருக்கலாம்!

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஒரு மின்சார உதவியுள்ள சுமை சைக்கிள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். ஊரைச் சுற்றிக் காட்டும் சாக்கில் வண்டியையும் காட்டிவிடலாம்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் பிறந்தபோது 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், ஜூன் மாத முடிவில் 470 ரூபாவில் வந்து நின்றது. காசு இருந்தவருக்கும் பெற்றோல் இல்லை. ஜூன் 27ஆம் திகதி, இனி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பிறகு கியூ.ஆர். முறை வந்து, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில்தான் அந்த முறை நீங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் தெரு ஆசிரியைகளின் ஸ்கூட்டிகள் விறாந்தையில் துணி காயப்போடும் கொடிகளாயின. கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த வாப்பாமாரின் சைக்கிள்கள் வெளியே வந்தன. பெற்றோல் வந்ததும் பெரும்பாலானவை மீண்டும் கோழிக்கூட்டுக்கே போய்விட்டன. எங்கள் வீட்டுச் சைக்கிள் மட்டும் போகவில்லை. அது வேறு உருவம் எடுத்தது.

அதற்குக் காரணம் என் மனைவியின் ராத்தா. எங்கள் கரையோர ஊர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வளவிலேயே பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். சகோதரிகள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்ந்து, கறியை வேலிக்கு மேலால் கைமாற்றிக் கொள்வார்கள். 2004 டிசம்பர் 26இல் வந்த கடல், உயிர்களோடு அந்த வளவுகளையும் கொண்டு போயிற்று. இலங்கையிலேயே அதிக உயிர்களைச் சுனாமிக்குப் பறிகொடுத்த மாவட்டம் நம் அம்பாறை மாவட்டம். பிறகு கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று கிழக்குக்குத் தடை போட்டார்கள்; பின்னர் தளர்த்தினார்கள். அதற்கிடையில் வீடிழந்தோருக்காக ஊரின் மேற்கே, வயற்புறமாகக் குடியிருப்புகள் எழுந்தன. பொலிவேரியன் கிராமம் என்ற பெயரைக் கேட்டு வெளியூரார் வியப்பார்கள். வெனிசுவேலா நாட்டின் உதவியை நினைவூட்டும் பெயர் அது. ராத்தா அங்கே போனார். உம்மாவும் தங்கையும் பழைய இடத்தில். வேலிக்கு மேலால் போன கறிக்கு இப்போது ஓட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. தூரம் என்று பார்த்தால் பெரிதல்ல. ஆனால் ஒரு சட்டி கறிக்காக யார் ஓட்டோ பிடிப்பார்கள்? போக்குவரத்து குறைந்தது, பிறகு சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலேயே பேச்சும் குறைந்தது. சுனாமி பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். அடிப்படை ஒரு பழைய லுமாலா பெண்கள் சைக்கிள். குறுக்குக் கம்பி இல்லாததால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அபாயா அணிந்தவர் அப்படியே ஏறலாம். ஊரில் வெல்டிங் செய்யும் ஒருவர் அதன் பின்பகுதியை ஒன்றரைச் சாண் நீட்டினார். பின்சக்கரம் பின்னே போனதால் நீளமான கரியருக்கு இடம் கிடைத்தது. அதில் பலகை அடித்து, பஞ்சு மெத்தை வைத்து, இரண்டு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இருக்கக் கைப்பிடிக் கம்பி போட்டார். கால் வைக்க இரு புறமும் தட்டு. சாதாரணக் கம்பிகள் பாரம் தாங்காது என்று பின்சக்கரத்துக்குத் தடித்த கம்பி கோர்த்தார். ஒற்றைக்கால் ஸ்டாண்டை எறிந்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றும்போது சாயாத இரட்டைக்கால் ஸ்டாண்ட் வைத்தார். முன்னால் ஒரு பெரிய கூடை. மோட்டாரும் பெற்றரியும் கொழும்பிலிருந்து வந்தன: பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார், இருக்கைக்குக் கீழே பூட்டுள்ள பெட்டியில் பெற்றரி. மோட்டாரின் அச்சு பாரத்தில் சுழன்று கழன்றுவிடாமல் ஓர் இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும். யாராவது இப்படி வண்டி செய்வதாக இருந்தால் அந்தத் தகடு இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள்.

இது மோட்டார் சைக்கிள் அல்ல. பெடலை மிதித்தால்தான் மோட்டார் உதவும். மிதிப்பதை விட்டால் அதுவும் விட்டுவிடும். கிணற்றில் வாளி இழுக்கும்போது பின்னால் ஒருவர் நின்று கயிற்றில் கை கொடுப்பாரே, அப்படி. மோட்டார் வைத்த சைக்கிள் என்ற எண்ணம் புதிதல்ல. 1895இலேயே அமெரிக்காவில் ஒக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மிதிப்புக்குத் துணை செய்யும் சைக்கிளை 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் கடைக்குக் கொண்டு வந்தது. டென்மார்க்கிலும் ஒல்லாந்திலும் உம்மாமார் முன்பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துக் கொண்டு பாடசாலைக்குப் போவது அன்றாடக் காட்சி.

மேடே இல்லாத ஊருக்கு மோட்டார் எதற்கு என்று என்னிடம் பலர் கேட்டார்கள். மேடு இல்லைதான், கச்சான் காற்று இருக்கிறதே! வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து நெருப்பை வாரி வீசும் அந்தக் காற்றுக்கு எதிராக, பின்னால் இரண்டு பிள்ளைகளோடு, முன்னால் நாலு தேங்காயும் அஞ்சு கிலோ அரிசியுமாகப் பொலிவேரியன் பக்கம் மிதித்துப் பாருங்கள். மலை தேவையில்லை. கடற்கரைப் பக்கம் கொங்கிரீட் முடிந்து மணல் தொடங்கும் இடத்திலும் இதே கதைதான். பாரத்தோடு நின்ற வண்டியை முதல் இரண்டு மிதியில் நகர்த்துவதுதான் கடினம். பெண்கள் தடுமாறி விழுவதும் அங்கேதான். மோட்டார் அந்த இரண்டு மிதியைத் தாங்கிக் கொள்கிறது.

செலவைக் கேட்பீர்கள். எங்கள் பெற்றரி 36 வோல்ட், 10 அம்பியர் மணி. பெருக்கினால் 360, அதாவது முழுதாக ஏற்ற அரை யுனிட் மின்சாரமும் வேண்டாம். எங்கள் ஓட்டத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை ஏற்றினால் போதும். வீட்டு மின்பட்டியலை எடுத்து நீங்களே கணக்குப் போடலாம். ஆனால் பெற்றரி என்றைக்கும் இருக்காது. சில வருடங்களில் களைத்துவிடும். வண்டியில் விலை கூடிய பகுதியும் அதுதான். மாதம் ஒரு தொகையை இப்போதே உண்டியலில் போட்டு வருகிறோம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது. அப்படியான நாட்களில் இது வெறும் சைக்கிள், பாரமான சைக்கிள். ஆனாலும் ஓடும்.

இனி, நீங்கள் மனதில் வைத்திருக்கும் கேள்வி. பெண்கள் சைக்கிள் ஓட்டலாமா மௌலவி?

அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் கால்நடைகளைப் பற்றிப் பேசும்போது, கடும் சிரமமின்றி நீங்கள் அடைய முடியாத ஊருக்கு அவை உங்கள் சுமைகளைச் சுமந்து செல்வதை அருளாகச் சொல்கிறான். அடுத்த வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சொல்லி, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்கிறான். ஒட்டகமேறும் பெண்களில் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என்று நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அங்கே அவர்களின் சிறப்பாகச் சொல்லப்படுவது என்ன தெரியுமா? சிறு பிள்ளைகள் மீது காட்டும் பரிவும், கணவனின் பொருளைப் பேணும் பொறுப்பும். வாகனம், பிள்ளை, வீட்டுச் செலவு மூன்றும் ஒரே ஹதீஸில்!

அஸ்மா (ரலி) அவர்களின் செய்தியையும் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள். ஸுபைர் (ரலி) அவர்களின் மனைவி. அந்த வீட்டில் ஒரு குதிரையும் தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பது, தண்ணீர் இறைப்பது, தோல் வாளி தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அவர்தான். ரொட்டி சுட அவருக்குச் சரியாக வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுத் தருவார்கள். அது போதாதென்று, ஸுபைரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார். தூரம் ஒரு பர்ஸக்கில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ மீற்றர். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைச் சந்தைக்கு நடப்பதை விடச் சற்று அதிகம். ஒரு நாள் வழியில் நபி (ஸல்) அவர்கள் தோழர்கள் சிலரோடு வருகிறார்கள். சுமையோடு வரும் அஸ்மாவைப் பார்த்து, ஏற்றிக்கொள்ளத் தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்கிறார்கள். ஆண்களோடு செல்ல வெட்கப்பட்டும், கணவரின் ரோஷத்தை நினைத்தும் அஸ்மா நின்றுவிடுகிறார். வீட்டில் வந்து சொன்னபோது ஸுபைர் என்ன சொன்னார்? நபியவர்களோடு நீ ஏறி வந்திருப்பதை விட, நீ கொட்டை சுமந்ததுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது என்று சொன்னார். பிறகு அபூபக்ர் (ரலி) அவர்கள் குதிரையைப் பராமரிக்க ஒரு பணியாளை அனுப்பினார்கள். அது தன்னையே உரிமை விட்டது போல இருந்தது என்று அஸ்மா சொல்கிறார்.

பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைக் குறை சொல்லும் சகோதரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மனைவி தனியாக ஓட்டோவில், அந்நிய ஆணோடு போகும்போது உங்களுக்கு வராத ரோஷம், அவள் தன் பிள்ளைகளோடு தன் வண்டியில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கும் தெருவால் போகும்போது மட்டும் ஏன் வருகிறது? ஓட்டோக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களில் நல்ல மனிதர் பலர். ஊருக்குள் போய் வருவது ஸபரும் அல்ல. ஒழுக்கமான உடை, பேணுதலான பார்வை, தேவைக்கான போக்குவரத்து. இவற்றைக் கவனிக்க வேண்டும். அதை வண்டியில் போகிறவரும் கவனிக்கலாம், நடந்து போகிறவரும் மறக்கலாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்த பெண்கள், கிராமத் தாதிகள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். முஸ்லிம் பெண்களும் கற்றார்கள். முதலில் அவர்களைப் பற்றியும் ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. அங்கே பல பெண்கள் பெண்கள் சைக்கிளை விட்டுவிட்டு ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். ஏன்? முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை இருத்தலாம்! சுமக்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் ஒரு தாய் முதலில் பார்க்கிறாள்.

ஆனால் சகோதரிகளே, இந்த வண்டியால் வரும் சங்கடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சுமை இலேசானால் சுமைகள் கூடும். எங்கள் தெருவில் இதே போல வண்டி செய்துகொண்ட ஒரு சகோதரி இருக்கிறார். முதலில் பிள்ளைகளும் மரக்கறியும்தான் ஏறின. பிறகு மாமியின் மருந்து. பிறகு மச்சானின் கடைக்குச் சீனி. பக்கத்து வீட்டாரின் பார்சல். “வண்டி ஓடுதுதானே, போற வழியில எடுத்துக்கிட்டு வாங்களேன்.” கணவர் முன்பு வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போவார், வண்டி வந்த பிறகு அதையும் விட்டுவிட்டார். அந்தச் சகோதரி என் மனைவியிடம் சொன்னாராம்: “மோட்டாருக்குக் கரண்ட் புடிக்க நேரம் குடுக்கிறாங்க. எனக்கு ஆரும் குடுக்கல்ல.”

இதைக் கேட்ட பிறகு என் மனைவி எங்கள் வீட்டில் ஒரு பங்கீடு செய்துவிட்டார். கேஸ் சிலிண்டர் என் வேலை. 12.5 கிலோ கேஸ். இரும்போடு சேர்ந்தால் இருபத்தைந்து கிலோவைத் தாண்டும். வண்டி தாங்கும், ஆனால் தூக்கி ஏற்றுவது யார்? அரிசி மூட்டையும் என்னுடையது. வெள்ளி காலையில் வண்டி எனக்கு. மௌலவி கூடை வைத்த பெண்கள் சைக்கிளில் சிலிண்டரோடு போவதைப் பார்த்து மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வீட்டு வேலையில் கை கொடுப்பது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை அவர்களுக்கு வகுப்பில் நானே ஓதிக் கொடுக்கிறேன்.

பாதுகாப்புக்கும் சில வார்த்தைகள். அபாயாவின் கரை செயினிலும் சக்கரக் கம்பியிலும் சிக்குவதுதான் முதல் ஆபத்து. ஒல்லாந்தில் சைக்கிளின் செயினை முழுதாக மூடி, பின்சக்கரத்தின் மேல்பகுதிக்கு இரு புறமும் தடுப்பு வைக்கிறார்கள். நீண்ட பாவாடைக்காகப் பழைய காலத்தில் வந்த ஏற்பாடு அது. நாங்கள் செயினுக்குத் தகரத்திலும் சக்கரத்துக்கு நெருக்கமான வலையிலும் செய்து கொண்டோம். அந்த வலை பிள்ளைகளின் காலையும் காக்கிறது. பாரம் கூடிய வண்டி சட்டென்று நிற்காது. பிறேக் கட்டைகளை மாதம் ஒரு முறை பாருங்கள். பிரதான வீதியில் பஸ்கள் போட்டி போடும் நேரத்தில் உள் தெருவால் போங்கள். ஐந்து நிமிடம் கூடினால் கூடட்டும்.

கடற்காற்றின் உப்பு மின் இணைப்புகளைத் தின்றுவிடும். இணைப்புகளில் கிறீஸ் பூசி, வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்கிறோம். பீச்சியடித்துக் கழுவக் கூடாது. பெற்றரியை அதற்குரிய சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். படுக்கை அறையிலோ வாசற்படி ஓரத்திலோ வைத்து இரவு முழுக்க ஏற்றாதீர்கள். 2023இல் நியூயோர்க் நகரில் மட்டும் இப்படியான பெற்றரிகள் தீப்பிடித்து 18 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் லுஹருக்குப் பின், ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், சீமெந்துத் தரையில் வைத்து ஏற்றுகிறோம். மாரி வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை நீர் இழுத்துச் சென்றது. ஓதிக் கொடுக்கும் எவருக்கும் அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத முடியாது. உழவு இயந்திரத்துக்கே அந்தக் கதி என்றால் சைக்கிள் எம்மாத்திரம்?

இப்போது வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பின், உம்மாவும் வண்டியில் போகிறார். கரியரின் மெத்தையில் ஒரு பக்கமாக இருந்து, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கறிச்சட்டியையும் பிடித்துக் கொள்வார். பிரதான வீதியைக் கடக்கும்போது சத்தமாக வாகன துஆ ஓதுவார். தெருவில் நிற்பவர்கள் ஆமீன் சொல்வார்கள். ராத்தா வீட்டில் தேத்தண்ணி குடித்து, மஃரிபுக்கு முன் திரும்பி விடுவார்கள். வரும்போது சட்டி வெறுமையாக வருவதில்லை. வயற்கரைக் கீரையோ முருங்கைக்காயோ ஏதாவது இருக்கும்.

மூத்தவன் வளர்ந்துவிட்டான், அவன் கால் தட்டுக்குக் கீழே தொங்குகிறது. தட்டை இரண்டு அங்குலம் இறக்கவும், மழைக்கு மேலே ஒரு கூடாரம் போடவும் வெல்டிங் கடையில் சொல்லியிருக்கிறோம். கூடாரத் துணியை மனைவியே தைக்கிறார். கார்த்திகை பிறப்பதற்குள் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.